முள் ஏறியதா, குதித்ததா? 41,650 ரூபாய் கொடுத்த பிறகு தெரிந்துகொண்ட கேள்வி

நாமக்கல்லில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு லாரிப் பட்டறையில்தான் விழ வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ஒரு வயர் உரசியதற்கு 41,650 ரூபாய் கொடுத்திருக்கிறேன். வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் போன மாதம் அலுவலகத்தில் ஒருவர், "டெம்பரேச்சர் முள்ளு மேல போகுது, ஹெட் கேஸ்கெட்னு சொல்றாங்க" என்று முகம் வாடி வந்து நின்றார். (ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு.) அதற்கப்புறம் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒர்க்‌ஷாப்பின் பெயரைக் கேட்காதீர்கள். விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. தவிர, இதே வித்தை தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

வண்டி 2012 மாடல், மூன்று சிலிண்டர் பெட்ரோல், 86,000 கிலோமீட்டர் ஓடியது. மூன்று சிலிண்டர் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வரலாம் என்று குடும்பத்தோடு கொல்லிமலைக்குக் கிளம்பினோம். காரவள்ளியைத் தாண்டி 70 கொண்டை ஊசி வளைவுகள். பத்துப் பன்னிரண்டு வளைவு ஏறியிருப்போம், ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. அதுவரை நடுவில் நின்ற டெம்பரேச்சர் முள், கண் இமைக்கும் நேரத்தில் 'ஹெச்'சைத் தொட்டு நின்றது. ஓரங்கட்டினேன். பானெட்டைத் திறந்தால் ஆவி இல்லை, வாடை இல்லை. பக்கத்தில் இருக்கும் ரிசர்வ் டேங்கில் கூலன்ட் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் அப்படியே இருந்தது. ரேடியேட்டர் ஃபேன் சற்று ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. அரை மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் முள் நடுவில். இரண்டு வளைவு தாண்டியதும் மறுபடி 'ஹெச்'. "மாப்பிள்ளை, சாமி இன்னைக்கு உத்தரவு குடுக்கலைங்க, திருப்பிருங்க" என்றார் மாமியார். திருப்பினேன்.

வண்டி அன்றைக்கே எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஆவி இல்லை என்றது, கூலன்ட் குறையவில்லை என்றது, ஃபேன் நின்று நின்று ஓடுகிறது என்றது. கேட்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெரிய போர்டு, டைல்ஸ் போட்ட தரை, உட்கார ஏசி அறை. உரிமையாளர் பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைக் கழற்றி, உள்ளே விரலைவிட்டுப் பார்த்தார். இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படிக்கும் ஸ்கேனரைப் போடவில்லை, ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. இரண்டு நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. "ஹெட் கேஸ்கெட் போயிருச்சுங்க சார். இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தீங்கன்னா இன்ஜின் சீஸ் ஆயிருக்கும். நல்ல நேரம்." எவ்வளவு ஆகும் என்றதற்கு, "பதினெட்டுக்குள்ள முடிச்சிரலாம், திறந்தாத்தான் தெரியும்" என்றார். எழுதி வாங்கவில்லை. இன்ஜின் சீஸ் ஆகாமல், அதாவது இறுகி நின்றுபோகாமல், காப்பாற்றியவரிடம் எழுதிக் கொடு என்று எப்படிக் கேட்பது என்ற கூச்சம்.

பதினாறு நாள் ஆனது. நடுவில் ஒரு நாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கழற்றிய ஹெட், கரி படிந்து, மேஜை மேல். "வளைஞ்சிருக்கு சார், லேத்துக்குக் குடுத்து ஃபேசிங் போடணும்" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். வளைந்த பரப்பைக் கடைந்து சமமாக்குவதுதான் ஃபேசிங். போடச் சொன்னேன். கடைசியில் பில் இப்படி வந்தது: ஹெட் கேஸ்கெட் செட் 6,400, ஹெட் ஃபேசிங் 4,500, வாட்டர் பம்ப் 3,950, தெர்மோஸ்டாட் 1,850, ரேடியேட்டர் சர்வீஸ் 3,200, கூலன்ட் நான்கு லிட்டர் 1,750, இன்ஜின் ஆயில் ஃபில்டரோடு 2,900, சில்லறைச் சாமான் 1,100, லேபர் 16,000. பழைய பாகங்களைக் கேட்டேன். "எக்ஸ்சேஞ்சுல போயிருச்சுங்க."

வண்டியை எடுத்தபோது முள் 'சி'யை விட்டுக் கொஞ்சம்தான் மேலே இருந்தது. "பாருங்க சார், ஐஸ் மாதிரி ஓடுது" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. முள் கீழே இருந்தால் இன்ஜின் குளிர்ச்சியாக இருக்கிறது, குளிர்ச்சியாக இருந்தால் நல்லது என்று நினைக்கிற ஆள்தான் நானும். ஆனால் லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி 13-க்கு இறங்கியது. காலையில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இழுவை வர நேரமானது. பதினோராவது நாள், பரமத்தி ரோட்டில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினேன். முள் மறுபடி 'ஹெச்'.

வயிற்றைப் பிசைந்தது. மறுபடி அங்கேயே போக மனசு வரவில்லை. லாரி வைத்திருக்கும் என் மச்சான், ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கூட்டிப்போனார். அறுபதைத் தாண்டியவர். தகரக் கொட்டகை, ஒரு மர ஸ்டூல், சட்டைப் பையில் டெஸ்ட் லேம்ப். நான் கொல்லிமலையில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருந்தார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, முள்ளு ஏறுச்சா, குதிச்சுச்சா?"

குதித்தது என்றேன்.

"இன்ஜினுக்குள்ள நாலஞ்சு லிட்டர் தண்ணி சுத்துது. அடுப்புல ஒரு செம்பு தண்ணியே கொதிக்க அஞ்சு நிமிஷம் ஆகும். இது எப்படிங்க ஒரு நொடியில கொதிக்கும்?"

இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் 41,650 ரூபாய் கொடுத்திருக்கிறேன். நீங்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் செய்ததை விவரமாகவே சொல்கிறேன், உங்கள் வண்டிக்கும் உதவும். என் காரில் சூட்டை அளக்க இரண்டு சென்சார்கள். ஒன்று இரண்டு பின் உள்ளது, அது இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் செய்தி சொல்லும். பெட்ரோல் எவ்வளவு தெளிப்பது, ஃபேனை எப்போது போடுவது எல்லாம் அதை வைத்துத்தான். இன்னொன்று ஒரே ஒரு வயர் உள்ளது, அது டேஷ்போர்டு முள்ளுக்கு மட்டும். (பல புது வண்டிகளில் ஒரே சென்சார்தான், கம்ப்யூட்டரே முள்ளையும் நகர்த்தும். உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.) இரண்டுக்குள்ளும் இருப்பது தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். கம்ப்யூட்டருக்கான சென்சார் பொதுவாக 20 டிகிரியில் 2,000 ஓம்ஸுக்கு மேல் காட்டும், 80 டிகிரி தாண்டினால் சில நூறு ஓம்ஸ்தான். முள்ளுக்கான சென்சாரின் அளவுகள் வேறு, ஆனால் கணக்கு ஒன்றே: தடை குறைந்தால் முள் ஏறும். அப்படியானால் அந்த ஒற்றை வயர் தோல் உரிந்து இன்ஜினிலோ பாடியிலோ பட்டால் என்ன ஆகும்? தடை பூஜ்யம். முள்ளுக்குத் தெரிந்த அதிகபட்ச சூடு அதுதான். நேரே 'ஹெச்'.

அவர் முதலில் ஒரு ஸ்கேனரை மாட்டினார். இன்ஜின் கம்ப்யூட்டர் சொன்ன சூடு 71 டிகிரி. டேஷ்போர்டில் முள் 'ஹெச்'சைத் தாண்டி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ரேடியேட்டரின் மேல் ஹோஸை என்னையே தொட்டுப் பார்க்கச் சொன்னார், கை வைக்க முடிந்தது. அடுத்து, முள்ளுக்கான சென்சாரின் வயரைக் கழற்றினார். சென்சார் கெட்டுப்போயிருந்தால் வயரை எடுத்ததும் முள் 'சி'க்கு விழ வேண்டும். விழவில்லை. அப்படியானால் குற்றவாளி சென்சார் இல்லை. அங்கிருந்து மீட்டர் வரை போகிற வயரில் எங்கோ. கையால் தடவிக்கொண்டே போனார். பேட்டரி தட்டுக்கு அடியில் ஒரு கிளாம்ப். அதற்குள் வயரின் தோல் விரல்கடை அளவுக்கு உரிந்து, செம்பு தெரிந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அது தகட்டில் முட்டியிருக்கிறது. அந்தத் துண்டை வெட்டி எடுத்து, புது வயர் சேர்த்து, சுருங்கும் டியூப் போட்டுச் சூடு காட்டி மூடினார். இருபது நிமிடம். கூலி 350 ரூபாய்.

"சரி, 71 டிகிரி ஏன்?" என்று அவரே அடுத்ததற்கு வந்தார். இந்த வெயிலில் ஓடி வந்த இன்ஜின் 85-க்கு மேல் இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டைத் திறந்தார். உள்ளே காலி. பில்லில் 1,850 ரூபாய்க்குப் புதிதாகப் போட்ட தெர்மோஸ்டாட் இல்லை, இருந்த பழையதும் இல்லை. ஃபேனைத் தேவைப்படும்போது மட்டும் போடும் ஸ்விட்சான ரிலேவை ஒதுக்கிவிட்டு, சாவி போட்டாலே ஓடும்படி டைரக்ட் கொடுத்திருந்தார்கள். ஐஸ் மாதிரி ஓடிய ரகசியம் இதுதான்.

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு" என்று சொல்கிற மெக்கானிக்குகள் நிறையப் பேர். அவர்கள் எல்லாரும் திருடர்கள் இல்லை, பாதிப் பேர் உண்மையாகவே அப்படி நம்புகிறார்கள். ஆனால் அது தவறு. தெர்மோஸ்டாட்டுக்குள் இருப்பது ஒரு மெழுகு உருளை. வண்டியைப் பொறுத்து 82 அல்லது 88 டிகிரி வாக்கில் உருகி விரிந்து வால்வைத் திறக்கும். அதுவரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றி, சீக்கிரம் சூடாகும். அதை எடுத்துவிட்டால் இன்ஜின் இன்னும் விடிகாலையில்தான் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும். என் நான்கு கிலோமீட்டர் மைலேஜ் போன வழி அதுதான். ஆயில் சரியாகச் சூடேறாமல், உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல், கசடு கட்டும். புதிதாக வாங்கிய தெர்மோஸ்டாட்டை மாட்டும் முன் வீட்டில் பழைய பால் சட்டியில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்கிப் பார்த்தேன். 82 என்று பொறித்திருந்தது. தெர்மாமீட்டர் 83 காட்டும்போது வாயைத் திறந்தது. பையன் கைதட்டினான். அந்தச் சட்டியில் இனிமேல் பால் காய்ச்ச முடியாது என்று மனைவி சொன்னதைத் தனியாகக் குறிப்பிட வேண்டியதில்லை.

இனிதான் எனக்கு இன்றைக்கும் தூக்கம் வராத பகுதி. எலக்ட்ரீஷியன் டார்ச் அடித்துக் காட்டினார். ஹெட்டைக் கழற்ற வேண்டுமென்றால் என் வண்டியில் சைலன்சரின் முன்குழாயைக் கழற்றியாக வேண்டும். அதன் நட்டுகளில் பத்து வருடத் துரு, ஸ்பானர் பட்ட தடமே இல்லை. மேல் மூடியின் ஓரத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து இறுகிய அழுக்கு அப்படியே. "தம்பி, இந்த வண்டி ஹெட்டை யாரும் தொடலைங்க." போனை எடுத்து அந்த வாட்ஸ்அப் படத்தைக் காட்டினேன். ஒரு நொடி பார்த்துவிட்டு, எண்ணச் சொன்னார். படத்தில் இருந்த ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கான குழிகள். என் வண்டிக்கு மூன்று.

இத்தனை நாளும் அந்தப் படம் என் போனில் இருந்தது. நான்கு வரை எண்ணத் தோன்றவில்லை.

ஆக, ஹெட் கேஸ்கெட் போகவும் இல்லை, மாற்றவும் இல்லை, ஃபேசிங்கும் இல்லை. வாட்டர் பம்பும் பழையதுதான். ஆயில் மட்டும் மாற்றியிருந்தார்கள், அது நியாயம். கூலன்ட் என்று ஊற்றியது பச்சைச் சாயம் கலந்த போர் தண்ணீர் என்று ரேடியேட்டர் கடைக்காரர் டெஸ்டரில் உறிஞ்சிப் பார்த்துச் சொன்னார். நம் ஊர்ப் போர் தண்ணீர் பக்கெட்டையே வெள்ளையாக்கும், ரேடியேட்டரை விடுமா? பாதிக்குப் பாதி கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும்தான் கணக்கு. ஒரு நல்ல மூடியின் அழுத்தத்தில் அந்தக் கலவை 125 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். துருவும் பிடிக்காது. கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். வீட்டில் குழந்தையோ நாயோ இருந்தால் தரையில் சிந்தியதைக் கழுவிவிடுங்கள்.

இதைப் படித்துவிட்டு, முள் ஏறினால் வயர்தான் என்று ஓட்டிக்கொண்டே போய்விடாதீர்கள். அது என் கதையைவிடப் பெரிய செலவில் முடியும். முள் மெல்ல மெல்ல ஏறினால், நின்றால் ஏறி ஓடினால் இறங்கினால், மேட்டில் ஏறி இறக்கத்தில் இறங்கினால், அது உண்மையான சூடு. நிற்கும்போது மட்டும் ஏறுகிறதா, ஃபேனைச் சந்தேகப்படுங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் ஏறுகிறதா, ரேடியேட்டர் அடைப்பு, பம்ப், தெர்மோஸ்டாட். இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது: கூலன்ட் மொத்தமும் கொட்டிப்போனால் சென்சார் காற்றில் தொங்கும். அப்போது இன்ஜின் வெந்துகொண்டிருக்க, முள் 'சி'க்கு இறங்கிவிடும். ஏறிய முள் திடீரென்று விழுந்தால் நிம்மதி அடையாமல் வண்டியை நிறுத்துங்கள். முள் நடுவில் அசையாமல் நிற்பதையும் முழுசாக நம்ப முடியாது. பல கம்பெனிகள் 75-லிருந்து 100 டிகிரிக்கு மேல் வரை முள் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கின்றன, வாடிக்கையாளர் பயப்படக் கூடாது என்று. சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை, ஆனால் வருடா வருடம் யாராவது முகத்தைச் சுட்டுக்கொள்கிறார்கள். மேல் ஹோஸை அமுக்கினால் மெத்தென்று, கைக்குச் சூடில்லாமல் இருக்க வேண்டும். அதுவரை டீ குடியுங்கள்.

உண்மையிலேயே ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வழிகள் இருக்கின்றன, விரலைவிட்டுப் பார்ப்பது அதில் சேராது. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால், ஓயாமல் குமிழி வருகிறதா? ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறதா? வெளியில் ஒரு சொட்டுக் கசிவில்லாமல் கூலன்ட் குறைகிறதா, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா? (காலையில் கொஞ்சம் ஆவி வருவது சாதாரணம். ஆயில் மூடிக்கு அடியில் கொஞ்சம் பால் நிறக் கசடு இருப்பதையும் வைத்து முடிவுசெய்ய முடியாது. சின்னச் சின்ன தூரம் ஓடும் வண்டியில் அது வரும்.) நீல நிறத் திரவம் ஊற்றிய ஒரு குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து உறிஞ்சுவார்கள், எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் இருக்கிறது, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்ப்பது இருக்கிறது. இதில் இரண்டையாவது உங்கள் கண் முன்னால் செய்யாமல் ஹெட்டைத் திறக்க விடாதீர்கள். "திறந்தாத்தான் தெரியும்" என்றால் "திறக்காமல் எதெல்லாம் தெரியும்னு முதல்ல பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். முகம் மாறினால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

நான் திரும்ப அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன், மச்சானோடு. உரிமையாளர் முதலில் சிரித்தார். "பையன் மாத்தி போட்டோ அனுப்பிட்டான் சார்." துரு நட்டைக் காட்டினேன். "அதே நட்டைத்தான் திரும்பப் போட்டோம்." தெர்மோஸ்டாட் எங்கே என்றதற்குத்தான் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வேணும்னா பத்தாயிரம் தர்றேன், இதோட விட்டுருங்க" என்றார். மச்சானுக்கு விட்டுவிடலாம் என்றிருந்தது. எனக்கு அந்த "வேணும்னா" பிடிக்கவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதிந்தேன். ஒர்க்‌ஷாப் பதில் சொல்லவில்லை. பிறகு வக்கீல் நோட்டீஸ், அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. பிரச்சனை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. என்னிடம் இருந்த ஆதாரங்களைப் பார்த்து நண்பரான வக்கீல் சொன்னது: பில்லில் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக எழுதியிருப்பதும் அந்த நான்கு குழிப் படமும்தான் உங்கள் பலம், வாயால் சொன்ன 18,000-க்கு எந்த மதிப்பும் இல்லை. நீங்களாவது எஸ்டிமேட்டை ஒரு மெசேஜாகவாவது வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பாகத்தைப் படம் எடுத்தால் நம்பர் பிளேட்டும் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். பழைய பாகம் வேண்டும் என்பதை வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள், எடுக்கப் போகும்போது கேட்டுப் பயனில்லை.

தெர்மோஸ்டாட், சரியான கூலன்ட், ஃபேன் ரிலே எல்லாம் திரும்பப் போட்டதில் 3,100 ரூபாய் ஆனது. மைலேஜ் 17-க்கு வந்துவிட்டது. ஐப்பசியில் கொல்லிமலைக்கு மறுபடி போனோம். ஸ்கேனர் ஒன்று வாங்கி, போனோடு இணைத்துப் பையன் கையில் கொடுத்திருந்தேன். வளைவுக்கு வளைவு "தொண்ணூத்தி நாலு, தொண்ணூத்தி எட்டு, ஃபேன் ஓடுது, தொண்ணூத்தி ரெண்டு" என்று வாசித்துக்கொண்டே வந்தான். மாமியார் எழுபது வளைவும் மலையைப் பார்க்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வாய்தா மூன்று வாரம் கழித்து. பில், படத்தின் பிரிண்ட், எலக்ட்ரீஷியன் வெட்டி எடுத்த அந்தத் தோலுரிந்த வயர்த் துண்டு, மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன்.